என் வீட்டுக் கடனை நீ ஏற்காதே

தினேஷ்,

போன ஞாயிற்றுக்கிழமை உன் நிச்சயதார்த்தத்தில், எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வெற்றிலைத் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது நீ ஒரு வாக்கியம் சொன்னாய். அதைத் திரும்பப் பெற்றுக்கொள் என்று கேட்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். தொலைபேசியில் கேட்டால் "சரிப்பா, அப்புறம் பேசலாம்" என்பாய். அதே பதிலை ஒரு காலத்தில் நானும் ஒருவரிடம் சொன்னேன். அதனால் பட்ட பாட்டையும் இதில் எழுதப்போகிறேன். வாட்சாப்பில் தட்டாமல் தாளில் எழுதுவதற்குக் காரணம், நீ உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பதுதான்.

உன் மாமனார் கேட்டதில் தப்பில்லை. பெண்ணைக் கொடுக்கிறவர் கேட்கத்தான் செய்வார். "வீடு சொந்த வீடுதானே சார்?" என்றார். நான் "பேங்க் லோன் ஓடுது. ஓய்வு பெற்ற பிறகும் கொஞ்ச வருஷம் இருக்கு" என்றேன். அவர் எடுத்த வெற்றிலையைத் தட்டிலேயே வைத்துவிட்டார். அப்போது நீ எழுந்து, சட்டைக் கையை ஏற்றிவிட்டுக்கொண்டு, "அதப்பத்தி யாரும் கவலப்பட வேணாம் மாமா. அப்பாவோட வீட்டுக் கடன் என் கடன். அவருக்கு நாளைக்கே ஒண்ணு ஆனாலும் கடைசி வெள்ளிக் காசு வரைக்கும் நான் கட்டுவேன்" என்றாய். கை தட்டினார்கள். உன் சித்தப்பா சேகர்தான் முதலில் தட்டினான், அதைக் கவனித்தாயா? ஷாமினி தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கம் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். நீங்கள் இரண்டு பேரும் பூஞ்சாக் ஆலமில் வீட்டுக்கு முன்பணம் கட்டி மூன்று மாதம்தான் ஆகிறது. அந்தப் பெண் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தவன் நான், எனக்குத் தெரியும்.

உனக்கு அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்றும் எனக்குத் தெரியும். என்னிடமிருந்துதான் வந்தது. உன் தாத்தா இறந்தபோது உனக்குப் பதினான்கு வயது. வாசலில் கூடாரம் போட்டு, சவப்பெட்டியைச் சுற்றி ஊரே நின்றது. அவர் பாமாயில் ஆலைக்கு லோரி ஓட்டியவர், அதற்கு முன்னால் எஸ்டேட்டில் செம்பனைக் குலை வெட்டியவர். நம் ஊர் அசாம் ஜாவாவில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. தேவாரம் பாடியவர் கையிலிருந்த மைக்கை வாங்கி நான் பேசினேன். "எங்கப்பா யாருக்காவது எதாவது பாக்கி வச்சிருந்தா என்கிட்ட வாங்க. மூத்தவன் நான் இருக்கேன். என் கையால தீர்ப்பேன்" என்றேன். அப்பாவோடு வேலை செய்த பெரியவர் ஒருவர், "படிச்ச பிள்ளன்னா இப்படியில்ல இருக்கணும்" என்று துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நீ என் பக்கத்தில் நின்று என் சட்டையைப் பிடித்து, "சூப்பரா பேசினீங்கப்பா" என்றாய். ஞாயிற்றுக்கிழமை நீ சட்டைக் கையை ஏற்றிவிட்டபோது அந்தப் பையனைத்தான் பார்த்தேன்.

அப்படிப் பேசுவது நம் வழக்கமில்லை, தெரியுமா? நம் வீட்டுச் சாவில் யாரும் அப்படி அறிவிப்பதில்லை. நான் அதைப் பார்த்தது இரண்டு வீடு தள்ளியிருந்த மலாய்க்காரர் பாக் மானின் சாவில். அவரைத் தொழுகைக்காகச் சூராவுக்குத் தூக்கிக்கொண்டு போவதற்கு முன்னால் அவருடைய மூத்த மகன் வாசலில் நின்று, மறைந்தவர் யாருக்கேனும் கடன் பட்டிருந்தால் வாரிசுகளான எங்களிடம் வந்து சொல்லுங்கள் என்று அமைதியாகச் சொன்னான். கூட்டம் தலையாட்டியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஒரு மகன் என்றால் இப்படி நிற்க வேண்டும் என்று அன்றே மனதில் குறித்துக்கொண்டேன். அவன் நின்ற நிலையையும் குரலையும் குறித்துக்கொண்டவன், அவன் சொன்னதன் பொருளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. பல வருடம் கழித்து அவனே மலாயில் எனக்கு விளக்கினான். அப்பா விட்டுப்போன பணத்திலிருந்தும் பொருளிலிருந்தும்தான் கடனை முதலில் தீர்ப்போம், அதற்குப் பிறகுதான் எங்கள் பங்கு, என் சட்டைப்பையிலிருந்து தருகிறேன் என்று நான் சொல்லவில்லையே அண்ணா என்றான். அவன் எவ்வளவு பணிவாகச் சொன்னான் என்பதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். மைக்கைப் பிடித்தபோது நான் பெட்டியைப் பார்க்கவில்லை. சேகரைப் பார்த்தேன். அவன் கிள்ளானில் லோரி வாங்குவதற்கு அப்பாவிடம் முன்பணம் வாங்கியிருந்தான், திருப்பிக் கொடுக்கவில்லை. அன்று ஊர் முன்னால் அவனைக் கூனிக் குறுக வைக்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. தந்தைப் பாசம் என்று நீ நினைத்தாயே, அதில் பாதிக்கு மேல் தம்பியின் மேலிருந்த கோபம். பேச்சு நன்றாக இருந்ததற்கு அதுதான் காரணம். கோபத்தில் எனக்கு நல்ல தமிழ் வரும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, வீட்டுக் கடன் பேச்சை எடுத்தேன். தாத்தா ஐம்பது வயதுக்கு மேல் வாங்கிய கடன். எஸ்டேட் நிலம் கைமாறி தொழிலாளர் லயத்தைக் காலி செய்யச் சொன்னபோது, தாமான் குடியிருப்பில் அந்த மலிவு விலை வீட்டை எடுத்தார். இன்னும் பல வருடம் கட்ட வேண்டியிருந்தது. மூன்று பேரும் பிரித்துக் கட்டலாம் என்றேன். உன் அத்தை கலா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "நீதான் எல்லாரு முன்னாடியும் மைக்குல சொல்லிட்டியேண்ணே. பேங்க்கும் அதுல சேர்த்திதான?" என்றாள். சேகர் சிரித்தான். "நாங்க குறுக்க வந்து காசு குடுத்தா உங்க பேரு கெட்டுப்போயிரும்லா அண்ணே" என்றான். மறுத்துப் பேசியிருந்தால் ஊரில் பேசியதை விழுங்கியவன் ஆகியிருப்பேன். வாடகை வீட்டிலிருந்த நாம் அந்த வீட்டுக்குக் குடிபோனோம். அடுத்த மாதத்திலிருந்து நான் கட்ட ஆரம்பித்தேன்.

எப்படிக் கட்டினேன் என்பதைக் கேள். நீ இதை மறக்கவே கூடாது. பேங்குக்கு அப்பா இறந்துபோனதைச் சொல்லவில்லை. சொன்னால் உடனே வீட்டை ஏலம் விட்டுவிடுவார்கள் என்று டீக்கடையில் நாலு பேர் சொன்னார்கள். பட்டம் வாங்கிய நான் அதை நம்பினேன். மாதா மாதம் பள்ளி முடிந்ததும் தஞ்சோங் காராங்கிலிருந்து குவாலா சிலாங்கூருக்கு வந்து, அப்பாவின் கடன் எண்ணைச் சொல்லி, என் சம்பளத்திலிருந்து தவணை கட்டுவேன். இயந்திரம் ரசீது துப்பும். அதில் அப்பாவின் பெயர் இருக்கும். ஒன்பது வருடம் இப்படி நடந்தது. என் கையால் தீர்ப்பேன் என்று மைக்கில் சொன்னவன், ஒரு தாளில்கூடத் தன் பெயர் இல்லாமல் தீர்த்துக்கொண்டிருந்தேன். உனக்குப் பல்கலைக்கழகத்தில் விடுதிப் பணம் கட்டத் தாமதமாகி நீ அழுதுகொண்டு கூப்பிட்டாயே, அந்த மாதமும் வீட்டுக்குக் கட்டிவிட்டேன். உன்னைக் காக்க வைத்தேன். அதற்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன். அப்போது கேட்கத் தோன்றவில்லை, பெருமையாக இருந்தது.

ஒன்பதாவது வருடம், கூரை ஒழுகியது. பழுது பார்க்க நகராண்மைக் கழகத்தில் அனுமதி கேட்டால் வீட்டு உரிமையாளர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். சரி, பெயரை மாற்றிவிடுவோம் என்று இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு பேங்குக்குப் போனேன். கவுண்டரில் இருந்த தமிழ்ப் பெண் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். "சார், நான் அஞ்சாம் பாரத்துல உங்ககிட்ட வரலாறு படிச்சேன்" என்றாள். கோப்பைத் திறந்தாள், சான்றிதழில் தேதியைப் பார்த்தாள், மறுபடி கோப்பைப் பார்த்தாள். "சார், இந்த லோனுக்கு இன்சூரன்ஸ் எடுத்திருக்காங்களே. கடன் வாங்குனவங்க இறந்துட்டா மிச்சத்த அவங்களே கட்டிருவாங்க. நீங்க ஏன் சார் அப்பவே வந்து சொல்லல?" என்றாள். என்னிடம் படித்த பிள்ளை, நான் பதில் சொல்வேன் என்று காத்திருந்தாள். நான் தண்ணீர் கேட்டேன்.

அந்த இன்சூரன்ஸ் எனக்குத் தெரியாது என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன், உன்னிடமும் சொன்னேன். அது பொய். தாத்தா சாவதற்கு ஒரு வருடத்துக்கு முன்னால், சுங்கை புரோங்கில் அரிசி மூட்டை வாங்கிக்கொண்டு காரில் திரும்பும்போது அவர் சொன்னார். "டேய், வீட்டுக்குக் கையெழுத்து போட்டப்ப இன்னொரு பேப்பரும் குடுத்தாங்கடா. அதுக்கும் காசு கட்டியிருக்கேன். எல்லாம் இங்கிலீசுல இருக்கு. ஒரு தடவ படிச்சுச் சொல்லேன்." நான் தேர்வுத் தாள் திருத்தும் எரிச்சலில் இருந்தேன். "சரிப்பா, அப்புறம் பாக்கலாம்" என்றேன். அவர் வயல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "முக்கியமில்லதான் போலருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மூன்றாம் வகுப்போடு நின்றவர் வாங்கிய தாளில் நான் தெரிந்துகொள்ள என்ன இருக்கப்போகிறது என்று நினைத்தேன். கல்வி எனக்குத் தந்த பெரிய பரிசு அந்த நினைப்புதான். அந்த வீட்டை விற்றுச் சாமி மேடையைக் கழற்றியபோது தாள் கிடைத்தது. முருகன் படத்துக்குப் பின்னால், ஆலை நாட்காட்டியின் தாளில் சுற்றி, நூல் கட்டி வைத்திருந்தார்.

இன்சூரன்ஸ்காரர்கள் ஒரு வருடம் இழுத்தடித்தார்கள், ஆனால் கொடுத்துவிட்டார்கள். தாத்தா இறந்த நாளில் இருந்த பாக்கி முழுவதும் தீர்ந்தது. அப்படியானால் அதற்குப் பிறகு நான் கட்டியதெல்லாம் அதிகப்படி. பேங்க் அதைத் திருப்பிக் கொடுக்கும் என்றார்கள். அன்றைக்கு உன் அம்மா பாயசம் வைத்தாள், நினைவிருக்கிறதா? காசோலை வந்தது. என் பெயரில் இல்லை. காலமானவரின் சொத்துக்கு என்று வந்தது. ரசீதெல்லாம் அவர் பெயரில்தானே, அவர் கட்டிய பணம் அவருக்கே திரும்பி வந்துவிட்டது. செத்தவர் ஒன்பது வருடம் ஒழுங்காகத் தவணை கட்டியிருக்கிறார்.

சொத்தைப் பிரிக்க நிலப் பணிமனைக்கு மூன்று பேரையும் கூப்பிட்டிருந்தார்கள். நீலப் பிளாஸ்டிக் நாற்காலியில் வரிசையாக உட்கார்ந்தோம். வீடும் அந்தப் பணமும் மூன்று சம பங்காகப் போவதில் எல்லோருக்கும் சம்மதமா என்று அதிகாரி கேட்டார். தம்பியும் தங்கச்சியும் சொல்வார்கள் என்று காத்திருந்தேன். வீடு மூன்று பேருக்கும், ஆனால் அந்தப் பணம் அண்ணன் கட்டியது, அவரிடமே கொடுத்துவிடுங்கள் என்று இரண்டு பேரில் ஒருத்தராவது சொல்வார் என்று உண்மையிலேயே நம்பினேன். கலா கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினாள். சேகர், "சம்மதம்" என்றான். வெளியே வந்து படிக்கட்டில் அவன் கையைப் பிடித்தேன். "சேகர், அது என் சம்பளம்டா" என்றேன். அவன் கோபப்படவில்லை. "ரசீதுல உங்க பேரு இல்லையேண்ணே" என்றான். பிறகு, "ஒம்பது வருஷம் வாடகை இல்லாம இருந்தீங்க. நாங்க ஒரு வார்த்த கேட்டமா?" என்றான். அதற்கு என்னிடம் பதில் இருந்திருந்தால் அவனை மன்னித்திருப்பேனோ என்னவோ.

வீட்டை விற்றோம். என் பங்கை முன்பணமாகப் போட்டு, ஐம்பத்திரண்டு வயதில், அடுத்த தெருவில் இந்த வீட்டுக்குக் கடன் எடுத்தேன். என்னைப் போல இதயத்தில் ஸ்டென்ட் குழாய் வைத்த ஆளுக்கு இன்சூரன்ஸ் தர மாட்டோம் என்றுவிட்டார்கள். ஆகவே எனக்கு ஒன்று ஆனால் இந்தக் கடன் தானாகத் தீராது. நீ சபையில் ஏற்றுக்கொண்டது இதைத்தான். தாத்தாவின் கடனுக்காவது முருகன் படத்துக்குப் பின்னால் ஒரு தாள் இருந்தது. இதற்கு அதுவும் இல்லை.

இந்தத் தடவை நான் வழக்கறிஞரிடம் காசு கொடுத்துக் கேட்டுவிட்டேன், டீக்கடையில் கேட்கவில்லை. இந்தக் கடனில் நீ கையெழுத்துப் போடவில்லை, பிணையும் நிற்கவில்லை. நான் போனால் கடன் நான் விட்டுப்போகும் சொத்தைத்தான் பிடிக்கும். உன் சம்பளத்தைப் பிடிக்காது. மகன் என்பதற்காக உன்னைத் துரத்த பேங்குக்கு உரிமை கிடையாது. கட்டாமல் விட்டால் வீட்டை விற்று எடுத்துக்கொள்வார்கள், மிச்சம் இருந்தால் உனக்கும் அம்மாவுக்கும் வரும். அவ்வளவுதான். சட்டம் உன்னை விட்டுவிடுகிறது. உன் வாய்தான் உன்னைக் கட்டிப்போடும். சட்டத்துக்குத் தெரியாத அந்தக் கடனை உறவுக்காரர்கள் பத்திரமாக நினைவில் வைத்திருப்பார்கள். பேங்க்கூட அப்படி வைத்திருக்காது.

அம்மா எங்கே போவாள் என்று கேட்பாய். அவளிடமே கேட்டேன். மீன் ஆய்ந்துகொண்டே, "இந்த வீடுதான் வேணும்னு நான் எப்ப சொன்னேன்? மாடிப்படி ஏறாத ஒரு ரூம் போதும்லா எனக்கு. நீங்களும் உங்க தம்பியும் வீடு வீடுன்னு அடிச்சுக்கிட்டதுல எனக்கு வீட்டு மேலயே வெறுப்பு வந்துருச்சு" என்றாள். என் ஓய்வூதியத்தில் அவளுக்கு ஒரு பங்கு வரும். வீட்டை வைத்துக்கொள்வதா, விற்பதா என்று அவள் முடிவு செய்யட்டும். அவளுக்குச் சோறு போடு, மருந்து வாங்கிக் கொடு, வாரம் ஒரு தடவை வந்து பார். அது உன் கடமை, அதிலிருந்து உன்னை விடமாட்டேன். செங்கல்லுக்கும் ஓட்டுக்கும் நீ பொறுப்பில்லை.

எனக்கு ஒன்று ஆனால் முதல் வாரத்திலேயே இறப்புச் சான்றிதழோடு பேங்குக்குப் போ. பயப்படாதே, நேராகச் சொல். அதற்கு முன்னால் என் பெயரில் ஒரு வெள்ளிகூடக் கட்டாதே. வாசலில் பெட்டி இருக்கும்போது யாராவது உன் கையில் மைக்கைக் கொடுத்தால், வந்தவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடு.

ஒன்றை மறைத்தால் இந்தக் கடிதமும் பொய்யாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை நீ அதைச் சொன்னபோது ஒரு நொடி எனக்கு இனித்தது. நான் சேகரைத் திரும்பிப் பார்த்தேன். பார்த்தாயாடா, எனக்கு எப்படிப்பட்ட மகன் என்று மனதுக்குள் அவனைக் கேட்டேன். உன் பத்து வருடச் சம்பளத்தை அந்த ஒரு பார்வைக்காகச் செலவழிக்க நான் தயாராக இருந்திருக்கிறேன். ஷாமினியின் குனிந்த தலையைப் பார்த்த பிறகுதான் புத்தி வந்தது.

அதனால் ஒரு முடிவு செய்திருக்கிறேன், நீ தடுக்காதே. உன் சித்தப்பாவையும் அத்தையையும் கல்யாணத்துக்குக் கூப்பிட வேண்டும் என்றாய். கூப்பிடு, நானே பத்திரிகை வைக்கிறேன். தாலி கட்டி முடிந்ததும் நான் மைக்கை வாங்குவேன். என் வீட்டுக் கடனுக்கு என் மகன் பொறுப்பில்லை, நிச்சயத்தன்று அவன் சொன்னதை அவன் அப்பன் நான் திருப்பிக் கொடுக்கிறேன், இதை யாரும் நாளைக்கு அவனிடம் கேட்கக்கூடாது என்று அவ்வளவு பேர் முன்னாலும் சொல்வேன். நீ சபையில் சொன்னதை நான் வீட்டுக்குள் கூப்பிட்டு அழித்தால் அது அழியாது. நல்ல நாளில் என்ன பேச்சு என்று உன் மாமனார் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். ஷாமினியிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லிவை, அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

போன தடவை மைக்கைப் பிடித்தபோது யாரைப் பார்த்துப் பேசினேன் என்று எழுதிவிட்டேன். இந்தத் தடவை உங்கள் இரண்டு பேரையும் பார்த்துத்தான் பேச வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். சேகர் முன்வரிசையில் இருப்பான். அந்தப் பக்கம் என் கண் போகாது என்று உனக்கு வாக்குக் கொடுக்க முடியவில்லை. வாக்குக் கொடுப்பதை நான் விட்டுவிட்டேன். போனால், நீ லேசாக இருமு.

அப்பா